ஜப்பானிய மொழியும் ஜப்பான் வாழ்க்கையும்: நம்ம ஆளுங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் ஜப்பான்ல ஒன்பது வருஷமா இருக்கேன், முதல்ல டோக்கியோ, இப்ப ஒசாகா பக்கம். ஊர்ல இருந்து தம்பி தங்கச்சிங்க, ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுன்னு மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது வாட்ஸ்அப்ல இதே கேள்விங்களைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போடும்போது ஏதாவது ஒண்ணு விட்டுப் போயிடுது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். ஜப்பானிய வார்த்தைங்களை இங்க தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், அது படிக்கறதுக்கு மட்டும்தான், உச்சரிப்பை ஆடியோ கேட்டுச் சரி பண்ணிக்கோங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

கேள்வி: ஜப்பானிய மொழி உலகத்துலயே ரொம்பக் கஷ்டமான மொழியாமே?

எழுத்து கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா இலக்கணம் கஷ்டம்னு சொல்றது இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்க சொல்றது. அவங்களுக்கு வாக்கியமே தலைகீழா இருக்கும், அதனால பயப்படறாங்க. நாம ஏன் அவங்க பயத்தைக் கடன் வாங்கணும்? நம்மகிட்ட தமிழ் இருக்கு.

"நான் நேத்து சென்னையில புத்தகத்தை வாங்கினேன்." இதை ஜப்பானியத்துல "வதாஷி வா கினோ சென்னை தே ஹோன் ஓ கைமஷ்தா"ன்னு சொல்லணும். வதாஷி வான்னா நான், கினோன்னா நேத்து, தேன்னா "இல", ஹோன்னா புத்தகம், ஓன்னா "ஐ", கடைசியில வாங்கினேன். வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. நாலாம் வகுப்புல வேற்றுமை உருபுன்னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான், அவங்க பெயர்ச்சொல்லுக்கு அப்புறம் தனியா வைக்கறாங்க, நாம ஒட்டி வைக்கறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் உள்ள போனா ஆச்சரியமா இருக்கும். "மோ"ன்னா நம்ம "உம்". வதாஷி மோன்னா நானும். தாரேன்னா யாரு, தாரே மோன்னா யாரும், தாரே கான்னா யாரோ. "யாரும் வரல"ன்னு நாம சொல்ற மாதிரியே தாரே மோவுக்கு அப்புறம் "இல்லை"ன்னு முடியற வினைதான் வரும். "போறேன்னு சொன்னான்"ல வர்ற அந்த "ன்னு" இருக்கு பாருங்க, அதுக்கு "தோ" இருக்கு: இகு தோ இத்தா. எனக்கு ரொம்பப் பிடிச்சது துணைவினைதான். தபெதேன்னா சாப்பிட்டு, மிருன்னா பாரு, தபெதே மிருன்னா சாப்பிட்டுப் பாரு! கத்தே ஓகுன்னா வாங்கி வை. தபெதே ஷிமத்தான்னா சாப்பிட்டுட்டேன், அந்த "அடடா, முடிஞ்சு போச்சே"ங்கற தொனி உட்பட. இங்கிலீஷ் வழியா நடத்தற கிளாஸ்ல இந்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் விளக்கம் இருக்கும், தமிழ்ல யோசிச்சா ஒரே வரி. நான் முதல் ஒரு வருஷம் இங்கிலீஷ்ல மாத்தி மாத்திப் படிச்சு வீணாக்கினேன், ஒருநாள் தமிழ்ல அர்த்தம் எழுத ஆரம்பிச்சேன், அன்னிக்கு இருந்துதான் வேகம் வந்துச்சு. இந்தப் பக்கத்துல வேற எதை மறந்தாலும் பரவாயில்ல, இதை மறக்காதீங்க: தமிழ் வழியா படிங்க.

யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கு. ஜப்பானியத்துல கொரே, சொரே, அரேன்னு மூணு சுட்டு. என் கையில இருக்கறது கொரே, உங்க பக்கத்துல இருக்கறது சொரே, ரெண்டு பேருக்கும் தூரமா இருக்கறது அரே. தமிழ்நாட்டுல நாம இது, அதுன்னு ரெண்டோட நிறுத்திட்டோம், நடுவுல இருந்த "உது" பேச்சுல போயிடுச்சு. யாழ்ப்பாணத் தமிழ்ல இன்னும் இது, உது, அது மூணும் இருக்கு. என் கூட வேலை பார்த்த ஈழத்து அக்கா ஒருத்தர் இந்தப் பாடத்தை அஞ்சே நிமிஷத்துல முடிச்சாங்க, எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

கேள்வி: அப்ப ஜப்பானிய மொழி தமிழ்ல இருந்து வந்ததுன்னு ஃபார்வர்ட் மெசேஜ் வருதே, அது நிஜமா?

சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய மொழியறிஞர் (1919–2008) ரெண்டுக்கும் உறவு இருக்குன்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி எழுதினார், நம்ம பேராசிரியர் பொற்கோவும் அவரோட சேர்ந்து வேலை செஞ்சிருக்கார். ஆனா மொழியியல் அறிஞர்கள்ல பெரும்பாலானவங்க அந்த முடிவை ஏத்துக்கல. வினை கடைசியில வர்றது, உருபு பின்னால ஒட்டறது எல்லாம் கொரியன், துருக்கி மொழியிலயும் இருக்கு. சொந்தக்காரங்களா இல்லையாங்கறது அவங்க பிரச்சினை, படிக்கறதுக்கு இந்த ஒத்துமை உதவும், அது நமக்குப் போதும்.

கேள்வி: மூணு விதமான எழுத்தாமே, எதுல ஆரம்பிக்கறது?

ஹிரகானா 46, கதகானா 46 (இது வெளிநாட்டு வார்த்தைங்களுக்கும் பேருக்கும்), அப்புறம் காஞ்சி, அதாவது சீனாவுல இருந்து வந்த எழுத்து. ஹிரகானாவை ரெண்டு வாரத்துல முடிக்கலாம், ஏன்னா வரிசையே நமக்குத் தெரிஞ்சது. அ, இ, உ, எ, ஒ. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்ம க ங ச ஞ மாதிரியே இருக்கேன்னு தோணும், அது தற்செயல் இல்ல, பௌத்தத் துறவிகள் வழியா சித்தம்ங்கற பழைய இந்திய எழுத்தும் சமஸ்கிருத ஒலி வரிசையும் ஜப்பானுக்குப் போச்சு, அதைப் பாத்துதான் அவங்க அடுக்கினாங்க. ஜப்பானிய அகராதியைப் புரட்டும்போது இது எவ்வளவு உதவும்னு தெரியும்.

காஞ்சிக்குக் குறுக்கு வழி இல்ல. அன்றாட உபயோகத்துக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கிற பட்டியல்ல 2,136 எழுத்து இருக்கு, அங்க பொறந்த குழந்தைங்களே பள்ளிக்கூடம் முழுக்க உக்காந்து கத்துக்கறாங்க. தனி எழுத்தா மனப்பாடம் பண்ணாதீங்க, வார்த்தையா படிங்க. உங்க ஸ்டேஷன் பேரு, உங்க தெரு, மருந்துச் சீட்டு, இதுல வர்றதை முதல்ல.

கேள்வி: உச்சரிப்புல நாம எங்க தப்பு பண்றோம்?

குறில் நெடில், ஒற்று, இது ரெண்டும் நமக்கு ரத்தத்துலயே இருக்கு, அதுல மத்தவங்க தடுமாறுவாங்க, நாம மாட்டோம். ஒபசான்னா அத்தை, ஒபாசான்னா பாட்டி. பிருன்னா கட்டடம், பீருன்னா பியர். கிதேன்னா வந்து, கித்தேன்னா தபால் தலை. படுவுக்கும் பட்டுவுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச காதுக்கு இது ஒண்ணுமே இல்ல.

மாட்டிக்கறது வேற இடத்துல. தமிழ் எழுத்துல "த"ங்கறதை ரெண்டு விதமா படிக்கலாம், "க"வும் அப்படித்தான். ஜப்பானியத்துல வல்லோசை மெல்லோசை மாறினா அர்த்தமே மாறிடும். தைகாகுன்னு எழுதினா முதல் எழுத்தைத் "தம்பி"ல வர்ற மாதிரி சொன்னா படிப்பைப் பாதியில விடறது, "தர்மம்"ல வர்ற மாதிரி சொன்னா யுனிவர்சிட்டி. அதனாலதான் சொல்றேன், நோட்ல ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்துல எழுதிப் படிக்காதீங்க, அர்த்தம் தமிழ்ல, உச்சரிப்பு ஹிரகானால. "அரிகதோ கொசைமஸ்"ல வர்ற "சை"யும் நம்ம சை கிடையாது, தேனீ ரீங்காரம் மாதிரி அதிரணும், அதுக்கு ஒரு மாசம் வாயைப் பழக்குங்க.

கேள்வி: எந்த லெவல் பாஸ் பண்ணா வேலை கிடைக்கும்?

ஜேஎல்பிடிங்கற ஜப்பானிய மொழித் திறன் பரீட்சைல என்5ல ஆரம்பிச்சு என்1 வரைக்கும் அஞ்சு லெவல், என்1தான் உச்சம். ஜூலைலயும் டிசம்பர்லயும் நடக்கும், சென்னையிலயே எழுதலாம். மொத்தம் 180 மார்க், என்4க்கு 90 எடுக்கணும், என்1க்கு 100. மொத்தத்துல பாஸ் ஆனாலும் ஒரு பிரிவுல குறைஞ்சபட்ச மார்க் எடுக்கலன்னா ஃபெயில், பல பேர் லிஸனிங்ல இப்படித்தான் விட்டுடறாங்க. ஐடி வேலைக்கு ஜப்பானியம் கேக்காத கம்பெனியும் இருக்கு, ஆனா வாடிக்கையாளர்கிட்ட பேசணும்னா என்2 கேப்பாங்க. 2019 ஏப்ரல்ல ஆரம்பிச்ச குறிப்பிட்ட திறன் விசாவுக்கு (ஸ்பெசிஃபைடு ஸ்கில்டு வொர்க்கர்) குறைஞ்சது என்4 லெவல் வேணும், முதியோர் பராமரிப்புன்னா அந்தத் தொழிலுக்கான மொழிப் பரீட்சை தனியா இருக்கு.

ஒண்ணு கவனிங்க, ஜேஎல்பிடில பேசற பரீட்சையே கிடையாது, எழுதறதும் கிடையாது, எல்லாம் டிக் அடிக்கறதுதான். என்2 சர்ட்டிஃபிகேட் வச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட வயித்து வலியைச் சொல்லத் தெரியாம நின்னவங்களை நான் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஜப்பான் போறதுக்கு முன்னாடியே வாரத்துல ரெண்டு நாள் யார்கிட்டயாவது வாயைத் திறந்து பேசுங்க.

கேள்வி: "ஹாய் ஹாய்"னு தலையாட்டினாங்க, அப்புறம் வேலையே நடக்கல. ஏன்?

அந்த "ஹாய்"க்கு "ஆமா"ன்னு அர்த்தம்னு புத்தகத்துல போட்டிருக்கும். பேச்சுல பாதி நேரம் அது நம்ம "ம்ம்" தான், "கேட்டுட்டு இருக்கேன், சொல்லுங்க". கதை சொல்லும்போது "ம்" கொட்டறோமே அது. ம் கொட்டினவன் ஒத்துக்கிட்டான்னு நாம நினைப்போமா?

மறுக்கறதையும் நேரா மறுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங் வைக்கலாமான்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன், "கின்யோபி வா சொத்தோ..."ன்னு இழுத்து நிறுத்தினார், "வெள்ளிக்கிழமை கொஞ்சம்..."னு அர்த்தம். கொஞ்சம் என்னன்னு நான் காத்துட்டு இருந்தேன். வாக்கியம் அங்கயே முடிஞ்சு போச்சு, அதுதான் "முடியாது". "பரிசீலிக்கறோம்"னு சொல்ற "கெந்தோ ஷிமஸ்" வந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். கடையில பை வேணுமான்னு கேட்டா "தைஜோபு தெஸ்"னு சொன்னா "பரவாயில்ல, வேண்டாம்". ஒசாகால "இகெதாரா இகு"ன்னு சொல்வாங்க, முடிஞ்சா வரேன்னு அர்த்தம், அவங்களுக்கு இலை போடத் தேவையில்ல.

இதைப் பாத்துட்டு ஜப்பான்காரங்க மனசுல ஒண்ணு வச்சுட்டு வெளிய ஒண்ணு பேசறாங்கன்னு நம்ம பசங்க சில பேர் கோபப்படறாங்க. எனக்கு அது சரியாப் படல. பொண்ணு பாத்துட்டு வந்து "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்"னு சொல்றது யாரு? கடன் கேட்டா "பாக்கலாம்ங்க"ன்னு சொல்றது யாரு? அதைக் கேக்கற நம்மாளு ஒருத்தருக்குக்கூட அர்த்தம் புரியாம இருக்காது. எதிர்ல இருக்கறவர் முகம் வாடக்கூடாதுன்னு நினைக்கறதுதான் ரெண்டு இடத்துலயும். அவங்க ஆபீஸ் வேலைலயும் அதையே செய்யறாங்க, நாம வீட்டு விஷயத்துல மட்டும் செய்யறோம். வேலைல தெளிவா தெரிஞ்சுக்கணும்னா "முடியுமா முடியாதா"ன்னு கேக்காதீங்க, "எந்த நாள் வசதி, எது கஷ்டம்"னு கேளுங்க, அவங்களே வழி காட்டுவாங்க.

கேள்வி: நமக்கு நீ, நீங்க இருக்கற மாதிரி மரியாதைச் சொல் இருக்கா?

இருக்கு, நம்மளை விட அதிகமாவே இருக்கு, இங்கதான் தமிழ் நம்மளைக் கைவிடும். முதல்ல, "அனதா"ன்னா நீங்கன்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க, அதைப் பெரியவங்ககிட்ட சொல்லவே சொல்லாதீங்க, குடும்பப் பேரோட "சான்" சேர்த்துக் கூப்பிடுங்க. உங்க பேருக்கு நீங்களே சான் போட்டுக்காதீங்க.

நம்ம ஊர்ல மரியாதை ஆளுக்குப் போகுது. மேனேஜர் எனக்கு சார்னா யார்கிட்ட பேசினாலும் சார்தான், "சார் வெளிய போயிருக்காருங்க". ஜப்பான்ல மரியாதை, கேக்கறவர் உள்ள ஆளா வெளி ஆளாங்கறதைப் பொறுத்து மாறும். மேனேஜர் பேரு தனாகான்னு வச்சுக்கோங்க, ஆபீஸ்குள்ள அவர் தனாகா சான். வெளி கம்பெனில இருந்து ஃபோன் வந்தா அவர் வெறும் தனாகா, வினையும் பணிவா இறங்கிடும், ஏன்னா வெளி ஆள் முன்னாடி நம்ம கம்பெனி முழுக்க ஒரு ஆள், நம்மளை நாமே உயர்த்திச் சொல்லக்கூடாது. என்னால மேனேஜர் பேரைச் சான் இல்லாம சொல்லவே முடியல, நாக்கு எழும்பாது, ஆறு மாசம் ஆச்சு. அம்மாவுக்கும் அப்படித்தான், உங்க அம்மா "ஒகாசான்", என் அம்மாவைப் பத்தி உங்ககிட்ட சொல்லும்போது "ஹஹா". அம்மாவைக் குறைச்சுப் பேசறதா எனக்கு வருத்தமா இருந்துச்சு. அது குறைக்கறது இல்ல, அம்மாவை "நான்"குள்ள சேர்த்துக்கறதுன்னு என் டீச்சர் சொன்னதுக்கு அப்புறம்தான் மனசு ஏத்துக்கிச்சு.

கேள்வி: ஆபீஸ்ல எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க, என்ன பண்றது?

நமக்குக் குடும்பப் பேரு கிடையாதுன்னு அங்க யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேரு இருந்தா அதுதான் உங்க பேரு, அதோட சான். அறிமுகம் பண்ணும்போதே "அது அப்பா பேரு, என்னை இப்படிக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிடுங்க, பெரும்பாலானவங்க சந்தோஷமா மாத்திக்குவாங்க. பேங்க், ஃபோன் ரெண்டுலயும் பேரை ரெசிடென்ஸ் கார்டுல இருக்கற அதே வரிசைல, கதகானால ஒரே மாதிரி எழுதுங்க, ஒரு நெடில் மாறினாலும் ஃபார்ம் திரும்பி வரும்.

கேள்வி: சைவம் சாப்பிடறவங்க சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனா "பெஜிதரியன்"னு சொன்னா மட்டும் போதாது. பல பேருக்கு அதோட அர்த்தம் காய்கறி நிறைய சாப்பிடறவங்கன்னுதான். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய் வேக வைக்கற தண்ணி எல்லாத்துலயும் "தாஷி" இருக்கும், அது பெரும்பாலும் காயவைச்ச மீன்ல இருந்து எடுத்தது. அவங்க கணக்குல அது மீன் இல்ல, ருசி. அதனால இப்படிச் சொல்லுங்க: "நிகு மோ சகானா மோ சகானா நோ தாஷி மோ தபெராரேமசென்", கறியும் மீனும் மீன் தாஷியும் சாப்பிட முடியாது. பாத்தீங்களா, மூணு "உம்". இறைச்சி, பன்னி, மாடு, கோழி, மீன் இந்த அஞ்சு காஞ்சியை விமானம் ஏறதுக்கு முன்னாடியே கத்துக்கோங்க, கடையில பாக்கெட்டைத் திருப்பிப் பாக்கும்போது உதவும். பௌத்த மடங்கள்ல "ஷோஜின் ரியோரி"ன்னு சைவச் சாப்பாடு இருக்கு, ஒருதடவை அவசியம் சாப்பிட்டுப் பாருங்க. டோக்கியோல நிஷிகசாய் பக்கம் நம்மாளுங்க நிறைய, துவரம்பருப்பு புளி எல்லாம் கிடைக்கும்.

சாதத்துல சாப்ஸ்டிக்கைக் குத்தி நிறுத்தாதீங்க, ஒரு குச்சில இருந்து இன்னொருத்தர் குச்சிக்கு எடுத்துக் கொடுக்காதீங்க, ரெண்டும் சாவுச் சடங்குல செய்யறது.

கேள்வி: வீடு, குப்பை, பக்கத்து வீடு?

ஊர் வந்து வீடு அமைஞ்ச 14 நாளுக்குள்ள வார்டு ஆபீஸ்ல முகவரியைப் பதியணும். வீடு தேடறது மனசு கஷ்டப்படற வேலை, வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கறதில்லன்னு முகத்துக்கு நேராவே சொன்ன இடம் எனக்கு மூணு. வலிச்சுது. நாலாவதா பாத்த வீட்டம்மா, நான் தப்பும் தவறுமா ஜப்பானியத்துல பேசினதைக் கேட்டுட்டுத்தான் சாவி கொடுத்தாங்க. சில வீட்டுக்கு "ரெய்கின்"னு திரும்ப வராத பணமும் கேப்பாங்க, அட்வான்ஸ்னு நினைச்சு ஏமாறாதீங்க.

குப்பையை எரியறது, எரியாதது, பாட்டில், கேன்னு பிரிச்சு, அது அதுக்கான நாள்ல காலைல சொன்ன நேரத்துக்குள்ள வைக்கணும். ஊருக்கு ஊர் விதி வேற, வார்டு ஆபீஸ்ல அட்டவணை தருவாங்க, ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைங்க. தப்பான நாள்ல வச்சா ஸ்டிக்கர் ஒட்டி அங்கயே விட்டுட்டுப் போவாங்க, தெருவே பாக்கும். சத்தம் போட்டா பக்கத்து வீட்டுக்காரர் நேரா வந்து சொல்ல மாட்டார், பொதுவா ஒரு நோட்டீஸ் லெட்டர் பாக்ஸ்ல விழும். ராத்திரி பத்து மணிக்கு மேல குக்கர் விசில் வேண்டாம். குடி போனதும் பக்கத்து வீட்டுலயும் கீழ் வீட்டுலயும் சின்னதா ஒரு டவலோ ஸ்வீட்டோ கொடுத்து அறிமுகம் பண்ணிக்கோங்க, பழைய வழக்கம், இப்ப குறைஞ்சிருக்கு, ஆனா நாம செஞ்சா அவங்க மறக்கறதில்ல.

கேள்வி: ட்ரெயின்ல?

ஃபோன் பேசக்கூடாது. எஸ்கலேட்டர்ல டோக்கியோல இடது பக்கம் நிப்பாங்க, ஒசாகால வலது பக்கம். சைதமா மாவட்டத்துல 2021 அக்டோபர்ல இருந்து நடக்கவே கூடாது, நின்னுதான் போகணும்னு சட்டமே இருக்கு. நேரத்தைப் பத்தி ஒண்ணே ஒண்ணு: 2017 நவம்பர்ல ஒரு ட்ரெயின் 20 செகண்ட் சீக்கிரமா கிளம்பினதுக்கு சுகுபா எக்ஸ்பிரஸ் கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. அஞ்சு நிமிஷம் லேட்னாலும் முன்கூட்டியே மெசேஜ் போடுங்க.

கேள்வி: பூகம்பம், அவசரம்?

ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119. போலீஸ் 110. ஃபோன் திடீர்னு அலறினா மேஜைக்கு அடியில போங்க, வெளிய ஓடாதீங்க. "ஜிஷின்" பூகம்பம், "நிகெதே" ஓடித் தப்பிங்க, "தசுகெதே" காப்பாத்துங்க. இந்த மூணும் என்5க்கு முன்னாடியே தெரியணும்.

கேள்வி: அப்பா அம்மா ரெண்டு மாசம் வந்து தங்கப் போறாங்க, அவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

"சுமிமசென்" ஒண்ணு, மன்னிச்சிடுங்க, கொஞ்சம் கேளுங்க, நன்றி மூணுக்கும் அதுவே ஓடும். "தைஜோபு" ஒண்ணு. வாசல்லயே செருப்பு கழட்டறது நமக்குச் சொல்லித் தர வேண்டாம், டாய்லெட் செருப்பு தனி, அதை மட்டும் சொல்லுங்க. கையைக் கவுத்து விரலை அசைச்சு "இங்க வா"ன்னு கூப்பிடறதும் நம்ம மாதிரியேதான்.

அப்புறம் "இத்தெகிமஸ்". வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்றது. இத்தேன்னா போயிட்டு, கிமஸ்னா வரேன். போயிட்டு வரேன்! வீட்ல இருக்கறவங்க "இத்தெராஷாய்"ம்பாங்க, போயிட்டு வாங்க. எங்க அம்மா வந்திருந்தப்ப இதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன், "போறேன்னு சொல்லக்கூடாதுன்னு இவங்களுக்கும் தெரியுமாடா"ன்னு கேட்டாங்க. மறுநாள்ல இருந்து காலைல வாக்கிங் கிளம்பும்போது கீழ் வீட்டுப் பாட்டி செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருப்பாங்க, அம்மா "இத்தெகிமஸ்"ம்பாங்க, பாட்டி குனிஞ்சு "இத்தெராஷாய்"ம்பாங்க. ரெண்டு பேருக்கும் இடையில வேற ஒரு வார்த்தை பொது கிடையாது. அம்மா ஊருக்குத் திரும்பி நாலு வருஷம் ஆச்சு, பாட்டி இன்னிக்கும் என்னைப் பாத்தா "ஒகாசான் வா கெங்கி?"ன்னு கேக்கறாங்க, அம்மா நல்லா இருக்காங்களான்னு.